தானும் ஒன்லியும்

ஆனி பிறந்து சாரல் தொடங்கிவிட்டால், தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் எந்த டீக்கடை வாசலிலும் ஒரு பேச்சு காதில் விழும். வெளியூர்க்காரர் ஒருவர் கேட்பார்: “அண்ணாச்சி, குற்றால அருவியில தண்ணி விழுதா?” டீயை ஆற்றிக்கொண்டே அண்ணாச்சி சொல்வார்: “விழத்தான் செய்யுது.”

“விழுது” என்று மட்டும் சொல்லியிருந்தால் பேச்சு அத்தோடு முடிந்திருக்கும். “விழத்தான் செய்யுது” என்றதும் வெளியூர்க்காரர் யோசிக்க ஆரம்பிக்கிறார். தண்ணீர் இல்லாமல் இல்லை, ஆனால் என்னவோ இருக்கிறது. நூலாக விழுகிறதோ? கூட்டம் அதிகமோ? குளிக்கத் தடை போட்டிருக்கிறார்களோ? இவற்றில் எதையும் அண்ணாச்சி சொல்லவில்லை. சொல்லாததையெல்லாம் கேட்க வைத்தது நடுவில் நுழைந்த ‘தான்’.

இதே பதிலை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால், “வாட்டர் இஸ் கமிங் ஒன்லி” என்று சொல்பவர்கள் நம்மில் நிறையப் பேர். லண்டனிலிருந்து வந்தவர் கேட்டால் குழம்புவார்: தண்ணீர் வருவதைத் தவிர வேறென்ன நடக்க வேண்டும்? ஆங்கில ஆசிரியர் என்றால் சிவப்பு மையால் அடித்துவிடுவார். ஆனால் அடிக்கப்பட்ட அந்த ‘ஒன்லி’க்குள், 7ஆம் நூற்றாண்டின் பௌத்த தர்க்கவாதி ஒருவரும் 20ஆம் நூற்றாண்டின் அமெரிக்க மொழியியலாளர் ஒருவரும் தலையைப் போட்டு உடைத்துக்கொண்ட கேள்வி இருக்கிறது. தனக்கென்று பெரிய பொருள் இல்லாத ஒரு சின்னச் சொல், வாக்கியத்தில் இல்லாத வாக்கியங்களைக் கேட்பவர் மனத்தில் எப்படி எழுப்புகிறது?

ஒன்றிலிருந்து வந்த ஒன்லி

‘ஒன்லி’ பிறந்தது ஆங்கிலத்தின் ‘ஒன்று’ என்ற எண்ணிலிருந்து. பழைய ஆங்கிலத்தில் அது ‘ஒன்று போன்ற’, ‘ஒப்பற்ற’ என்ற பொருளுடைய கூட்டுச்சொல். ஆங்கிலேயர்கள் இன்று எண்ணைச் சொல்லும்போது ‘வன்’ என்கிறார்கள். அந்த ‘வ’ ஒலி பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. ‘ஒன்லி’, ‘அலோன்’ போன்ற சொற்களில் அந்த ‘வ’ ஒட்டவில்லை.

நாம் இந்தச் சொல்லைத் தமிழில் சொல்லப் போனால் அது பல துண்டாக உடையும். ‘ஒன்லி சன்’ என்றால் ஒரே மகன். ‘லேடீஸ் ஒன்லி’ என்றால் மகளிர் மட்டும். ‘ஒன்லி டென் ருப்பீஸ்’ என்றால் பத்து ரூபாய்தான். ‘ஒன்லி யெஸ்டர்டே’ என்றால் நேற்றுதான். ‘இஃப் ஒன்லி’ என்று தொடங்கினால் ‘இப்படி நடந்திருக்கக் கூடாதா’ என்ற ஏக்கம்.

ஆங்கிலேயருக்கே இந்தச் சொல் தலைவலி. பேச்சில் அவர்கள் ‘ஒன்லி’யைப் பெரும்பாலும் வினைச்சொல்லுக்கு முன்னால் வைத்துவிடுவார்கள். எந்தச் சொல்லைக் குறிக்கிறதோ அதன் பக்கத்தில்தான் வைக்க வேண்டும் என்று இலக்கணப் புலவர்கள் நெடுங்காலம் கண்டித்து வந்தார்கள். 1926இல் வெளியான தமது புகழ்பெற்ற ஆங்கில வழக்கு அகராதியில் ஹென்றி ஃபௌலர் இந்தக் கண்டிப்பாளர்களைக் கேலி செய்து, பேச்சு வழக்கின் பக்கம் நின்றார். பொருள் குழம்பாத இடத்தில் இயல்பான இடத்திலேயே அது இருந்துவிட்டுப் போகட்டும் என்பது அவர் கட்சி.

ஆனால் பொருள் குழம்பும் இடங்களும் உண்டு. ‘ஷி ஒன்லி கேவ் மேங்கோஸ் டு முத்து’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பாட்டி முத்துவுக்கு மாம்பழம் கொடுத்தார், செல்விக்கும் மாம்பழம் கொடுத்தார், வேறெதையும் யாருக்கும் கொடுக்கவில்லை. இப்போது அந்த ஆங்கில வாக்கியம் உண்மையா, பொய்யா? குரலை ‘மேங்கோஸ்’ மேல் ஏற்றிச் சொன்னால் உண்மை, ஏனென்றால் முத்துவுக்குக் கிடைத்தது மாம்பழம் மட்டும். குரலை ‘முத்து’ மேல் ஏற்றிச் சொன்னால் பொய், ஏனென்றால் செல்விக்கும் கிடைத்திருக்கிறது. எழுத்து மாறவில்லை, சொல் மாறவில்லை, வரிசை மாறவில்லை. குரலின் ஏற்ற இறக்கம் ஓர் உண்மையைப் பொய்யாக்கிவிட்டது.

மாட்ஸ் ரூத் என்ற மொழியியலாளர் 1985இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வு இந்தப் புதிரை எடுத்துக்கொண்டது. அவர் விடை எளிமையானது. ஒரு சொல்லை அழுத்திச் சொன்னால் கேட்பவர் மனத்தில் அந்தச் சொல்லோடு சேர்த்து அதன் இடத்தில் வந்திருக்கக்கூடிய மற்றவையும் வரிசைகட்டி நிற்கின்றன. முத்துவை அழுத்தினால் செல்வி, மாரி, கண்ணன் எல்லாரும் வந்து நிற்பார்கள். மாம்பழத்தை அழுத்தினால் பலாவும் ரம்புட்டானும் வந்து நிற்கும். ‘ஒன்லி’யின் வேலை அந்த மாற்றுகளின் வரிசையில் சொன்னதை விட்டுவிட்டு மீதியை வெளியேற்றுவது. எந்த வரிசை என்று காட்டுவது குரல்.

தமிழில் இந்தத் தொல்லை இல்லை. ‘முத்துவுக்கு மாம்பழம் மட்டும் கொடுத்தார்’, ‘முத்துவுக்கு மட்டும் மாம்பழம் கொடுத்தார்’. குரலே இல்லாத தாளிலும் வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது, ஏனென்றால் நம் சிறு சொற்கள் எதைக் குறிக்கின்றனவோ அதன் வாலிலேயே ஒட்டிக்கொள்பவை.

மட்டும் வேறு, தான் வேறு

பஸ்ஸிலும் அருவிக்கரையிலும் ‘மகளிர் மட்டும்’ என்று எழுதி வைத்திருப்பதைப் பார்த்திருப்போம். ‘மகளிர்தான்’ என்று ஒரு பலகையை எங்கேனும் பார்த்ததுண்டா? மாறாக, கதவைத் தட்டியவரிடம் “யாரு?” என்று உள்ளிருந்து கேட்டால், “நான்தான்” என்று பதில் வரும். “நான் மட்டும்” என்று வராது. அப்படி வந்தால் கூட யாரையோ எதிர்பார்த்த வீட்டில் தனியே வந்து நிற்பவர் என்று பொருள்.

‘மட்டும்’ மற்றவர்களை விலக்குகிறது. ‘மகளிர் மட்டும்’ என்றால் ஆண்களுக்கு இடமில்லை. ‘தான்’ ஆள் காட்டுகிறது. கேட்பவர் மனத்தில் ஏற்கெனவே ஒரு கேள்வியோ சந்தேகமோ தவறான எண்ணமோ இருக்க வேண்டும். அதற்கு விடை இது என்று சுட்டுவதற்குத்தான் ‘தான்’ வருகிறது. பலகை பேச்சைத் தொடங்கி வைக்கிறது, அதற்கு முன்னால் யாரும் எதையும் கேட்கவில்லை. அதனால் அதில் ‘தான்’ ஒட்டாது. யாரோ ஒருவர் அந்தப் பக்கம் போகப் பார்த்து, “இது ஆம்பளைங்க குளிக்கிற இடமா?” என்று கேட்டுவிட்டால், “இல்ல, பொம்பளைங்கதான் குளிக்கணும்” என்று உடனே ‘தான்’ வந்துவிடும்.

எண்ணோடு சேரும்போது ‘தான்’ இன்னொரு வேலையும் பார்க்கிறது. குற்றாலக் கடைவீதியில் “கூறு அம்பது ரூபாதான்” என்று பழக்காரம்மா கூவும்போது, நூறும் நூற்றைம்பதும் வரிசையில் நிற்கின்றன. அவற்றில் இது கீழே இருப்பது என்று ‘தான்’ காட்டுகிறது. அதே அம்மா, “அம்பது ரூபாயா?” என்று முகம் சுளிக்கும் ஆளிடம் “ஆமா, அம்பது ரூபாதான்” என்று சொன்னால் அது குறைவைக் காட்டவில்லை. விலை அதுவே, பேரம் கிடையாது என்கிறது. ஒரே வாய், ஒரே சொல். எதிரில் நிற்பவர் மனத்தில் இருப்பது மாறியதும் பொருள் மாறிவிட்டது.

இடம் மாறினால்

“மாரி நேத்து குற்றாலத்துக்கு பஸ்ல போனான்.” இந்த வாக்கியத்தில் ‘தான்’ ஒவ்வொரு சொல்லாக ஏறி இறங்கட்டும்.

மாரிதான் நேத்து போனான்: நீ நினைத்த ஆள் இல்லை. நேத்துதான் போனான்: போய் ரொம்ப நாள் ஆகவில்லை, அல்லது முந்தாநாள் இல்லை. குற்றாலத்துக்குத்தான் போனான்: பாபநாசத்துக்கு இல்லை. பஸ்லதான் போனான்: காரில் போனதாக யாரோ சொன்னது தப்பு. கடைசியில் வினைச்சொல்லில் ஏறினால், “போனான்தான்…” என்று இழுக்கும். போனதை ஒப்புக்கொண்டு, ‘ஆனால்’ என்று தொடங்கும் இன்னொரு வாக்கியத்துக்குக் கதவைத் திறந்து வைக்கும். “நல்லவன்தான்…” என்று ஒருவரைப் பற்றிச் சொல்லி நிறுத்தினால், அடுத்து வரப்போவது பாராட்டாக இருக்காது என்று எல்லாருக்கும் தெரியும்.

கேள்விச் சொல்லோடு சேர்ந்தால் பொறுமை தீர்ந்ததைக் காட்டும். “எப்ப வருவே?” என்பது விசாரிப்பு. “எப்பதான் வருவே?” என்பதற்குள், இதுவரை சொன்ன நாளெல்லாம் பொய்த்துப் போனது என்ற புகார் இருக்கிறது. மாற்றுகளின் வரிசை முழுவதும் ஏற்கெனவே அடிபட்டுப் போய்விட்டது.

எழுதும்போது ஓர் இடைவெளி கூடப் பொருளை மாற்றும். ‘அவன்தான் சொன்னதை மறந்தான்’ என்றால், மறந்தவன் அவனே, வேறு யாருமில்லை. ‘அவன் தான் சொன்னதை மறந்தான்’ என்றால், தன் வாயால் சொன்னதையே மறந்துவிட்டான். முதலாவது ஒட்டி வாழும் இடைச்சொல். இரண்டாவது தனித்து நிற்கும் பெயர்ச்சொல். நாளிதழ்களில் இரண்டையும் கலந்து அச்சடிக்கும்போது வாசகர் ஒரு நொடி தடுமாறுவது இதனால்.

பார்த்தனும் தாமரையும்

இத்தகைய சிறு சொற்களுக்கென்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் ஓர் இயலையே ஒதுக்கியிருக்கிறது: இடையியல். தனித்து இயங்காமல் பெயரையும் வினையையும் சார்ந்து வருபவை இவை. அங்கே ஏகாரத்துக்கு ஐந்து பொருள் சொல்லப்படுகின்றன: தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை. இவற்றில் பிரிநிலை, தேற்றம் இரண்டும் இன்றைய ‘தான்’ செய்யும் வேலைகள். பிரிநிலை ஒன்றைக் கூட்டத்திலிருந்து பிரித்தெடுப்பது. தேற்றம் சந்தேகத்தைத் தீர்த்து உறுதி சொல்வது. ரூத் சொன்ன ‘மாற்றுகளின் வரிசை’ என்ற கருத்து ‘பிரிநிலை’ என்ற பெயருக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. பிரிப்பதற்கு ஒரு கூட்டம் வேண்டுமே.

இதே கேள்வியை வடமொழியில் தர்க்கமாகவே எழுப்பியவர் தர்மகீர்த்தி. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பௌத்த அறிஞர், தென்னாட்டில் பிறந்தவர் என்று திபெத்திய மரபு சொல்லும். சமஸ்கிருதத்தில் ‘ஏவ’ என்றொரு சொல் உண்டு. அது ஒட்டும் இடத்தைப் பொறுத்து மூன்று விதமாக விலக்குகிறது என்று அவர் காட்டினார். அவர் காலத்து எடுத்துக்காட்டுகளை நம் ‘தான்’ போட்டுச் சொல்லிப் பார்க்கலாம்.

சைத்திரன் வில்லாளிதான். அவனுக்கு வில் பிடிக்கத் தெரியாதோ என்ற சந்தேகம் விலகுகிறது. உலகில் வேறு வில்லாளிகள் இல்லை என்று இது சொல்லவில்லை. பார்த்தன்தான் வில்லாளி. இப்போது விலகுவது மற்றவர்கள். அந்த அளவுக்கு வில் வித்தை தெரிந்தவர் அர்ஜுனனைத் தவிர யாருமில்லை. மூன்றாவது, தாமரை நீலமாக இருக்கத்தான் செய்கிறது. எல்லாத் தாமரையும் நீலம் என்று இதற்குப் பொருளில்லை. நீலத் தாமரை என்ற ஒன்று இருக்கவே முடியாது என்ற எண்ணம் மட்டும் விலகுகிறது.

மூன்றாவது வாக்கியத்தைச் சொல்ல ஆங்கிலம் ‘டூ’ என்ற துணைவினையைக் கூட்டிக் குரலை அதன் மேல் ஏற்ற வேண்டும். தமிழ் வினையைப் பிளந்து, நடுவில் ‘தான்’ நுழைத்து, ‘செய்’ என்ற துணைவினையால் மூடுகிறது. டீக்கடை அண்ணாச்சியின் “விழத்தான் செய்யுது” இந்த மூன்றாம் வகை. எப்போதும் விழுகிறது என்று அவர் உறுதி தரவில்லை. விழவேயில்லை என்று திரும்பிப் போய்விடாதே என்கிறார், அவ்வளவே.

குழந்தைகளுக்கு இந்த விலக்கல் கணக்கு எளிதில் பிடிபடுவதில்லை. ஸ்டீபன் கிரெய்னும் அவருடன் ஆய்ந்தவர்களும் 1990களில் ஆங்கிலம் பேசும் சிறு பிள்ளைகளிடம் படங்களைக் காட்டிப் பார்த்தார்கள். பூனையிடம் ஒரு கொடியும் ஒரு பலூனும் இருக்கின்றன, வேறு யாரிடமும் கொடி இல்லை. ‘பூனை மட்டும் கொடி வைத்திருக்கிறது’ என்பது சரியா என்று கேட்டால், பெரியவர்கள் சரி என்பார்கள். பிள்ளைகளில் பலர் தப்பு என்றார்கள். காரணம் கேட்டால், பூனையிடம் பலூனும் இருக்கிறதே என்று காட்டினார்கள். பூனையோடு ஒட்ட வேண்டிய விலக்கலை அவர்கள் கொடியோடு ஒட்டிவிட்டார்கள். சொல்லின் பொருள் அவர்களுக்குத் தெரியும். எந்த வரிசையிலிருந்து விலக்குவது என்பதில்தான் சிக்கல்.

தன்னிலிருந்து தான்

‘தான்’ என்ற இடைச்சொல் எங்கிருந்து வந்தது? ‘தான், தன், தனக்கு’ என்று வரும் தற்சுட்டுப் பெயரே அதன் மூலம். அரசன் தானே வந்தான் என்றால் ஆளை அனுப்பாமல் அவனே வந்தான். அதாவது அமைச்சர், தூதர், படைத்தலைவர் என்ற வரிசையைத் தள்ளிவிட்டு நடுவில் இருப்பவனைக் காட்டுகிறது. அங்கிருந்து எந்தச் சொல்லின் பின்னாலும் ஒட்டும் இடைச்சொல்லாவது ஓர் அடி தூரம். 13ஆம் நூற்றாண்டு நன்னூல் ‘தாம்’, ‘தான்’ இரண்டையும் பொருளின்றி வரும் அசைச்சொற்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. அன்று அசை என்று ஓரத்தில் நின்றது, இன்று தமிழர் வாயில் ஓயாமல் உழைக்கிறது.

குத்துக்கல்வலசையிலிருந்து மேற்கே செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக் கணவாயில் ஏறினால் மலையாளம் தொடங்கிவிடும். செங்கோட்டையே 1956 நவம்பர் 1 அன்றுதான் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அந்தப் பக்கம் ‘இவிடெத்தன்னெ’ என்பார்கள், இந்தப் பக்கம் ‘இங்கதான்’ என்போம். அங்குள்ள ‘தன்னெ’யும் அதே ‘தன்’னில் பிறந்தது. இலங்கையில் சிங்களவர்கள் ‘தமயி’ என்று சொல்லி ஆளைச் சுட்டுவார்கள். அவர்கள் மொழியில் ‘தமா’ என்றால் தான், தன்னை என்று பொருள். பிரெஞ்சுக்காரர்களின் ‘மெம்’ என்ற சொல் ‘தானே’ என்றும் ‘கூட’ என்றும் பொருள் தரும். ஜெர்மன் மொழியின் ‘செல்ப்ஸ்ட்’டும் அப்படியே. தன்னைக் குறிக்கும் சொல் அழுத்தம் தரும் சொல்லாக மாறுவது உலகின் பல மூலைகளில் நடந்திருக்கிறது.

நம் ஆங்கிலத்தில் ‘டுடே இட்செல்ஃப்’, ‘நவ் இட்செல்ஃப்’ என்று சொல்கிறோமே, அதற்கும் இங்கே விளக்கம் கிடைக்கிறது. ‘இன்னைக்கே’, ‘இப்பவே’ என்பதில் உள்ள ஏகாரம் ஆங்கிலச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. ‘தான்’ வரும் இடத்தில் ‘ஒன்லி’, ‘ஏ’ வரும் இடத்தில் ‘இட்செல்ஃப்’.

பிழையா, வழக்கா?

இது தமிழர் மட்டும் செய்வதில்லை. இந்திக்காரர்களுக்கு ‘ஹீ’ உண்டு, தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘ஏ’ உண்டு. எல்லாரும் தத்தம் மொழியின் வாலைக் கொண்டுவந்து ‘ஒன்லி’யில் கட்டுகிறார்கள். ராகேஷ் பட் 2000இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், இந்திய ஆங்கிலத்தின் இந்த ‘ஒன்லி’க்கு விலக்கும் பொருள் இல்லை, முன்வந்து நிற்கும் சொல்லைச் சுட்டிக்காட்டுவதே அதன் வேலை, அதற்கென்று ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று வாதிட்டார். கிளாடியா லாங்கே 2007இல் இந்திய ஆங்கிலப் பேச்சுத் தொகுப்பை ஆராய்ந்து ‘ஒன்லி’, ‘இட்செல்ஃப்’ இரண்டும் இங்கே புது வேலை பெற்றிருப்பதைக் காட்டினார். அந்தத் தொகுப்பு, ஒவ்வொரு நாட்டின் ஆங்கிலத்துக்கும் சுமார் 10 லட்சம் சொற்கள் என்று திரட்டிய உலகத் திட்டத்தின் இந்தியப் பகுதி.

பரீட்சை எழுதும் பிள்ளைக்கு இந்த ஆராய்ச்சி மதிப்பெண் வாங்கித் தராது என்பது உண்மைதான். அதற்கு வேறு வழி இருக்கிறது. ‘தான்’ வாயில் வரும்போதெல்லாம், அது இங்கே என்ன வேலை செய்கிறது என்று ஒரு கணம் பார்த்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போகலாம். ஆளைக் காட்டுகிறதா? “நான்தான்” என்பது ‘இட்ஸ் மீ’ ஆகும். சற்றுமுன் என்கிறதா? “இப்பதான் வந்தேன்” என்பதற்கு ‘ஜஸ்ட்’ போதும். சந்தேகம் தீர்க்கிறதா? “வந்தேன்தான்” என்பது ‘ஐ டிட் கம்’. குறைவைக் காட்டுகிறதா? “பத்து ரூபாதான்” என்பதற்கு மட்டும் ‘ஒன்லி’ பொருந்தும். ஒரு தமிழ்ச் சொல் நான்கு ஆங்கில வழிகளாகப் பிரிகிறது.

சென்னையில் இரண்டு பேர் சந்தித்துக்கொள்கிறார்கள். ஒருவர் தன் ஊர் தென்காசி என்கிறார். மற்றவர் மகிழ்ந்துபோய், “ஐ ஆம் ஆல்ஸோ ஃப்ரம் தென்காசி ஒன்லி” என்கிறார். லண்டன் காதுக்கு இது முரண். ‘ஆல்ஸோ’ கூட்டுகிறது, ‘ஒன்லி’ கழிக்கிறது. ஒரே வாக்கியத்தில் இரண்டும் எப்படி? “நானும் தென்காசிதான்” என்று தமிழில் சொல்லிப் பாருங்கள், முரண் காணாமல் போகிறது. ‘உம்’ நானோடு ஒட்டி என்னைத் தென்காசிக்காரர் கூட்டத்தில் சேர்க்கிறது. ‘தான்’ தென்காசியோடு ஒட்டி, நீங்கள் சொன்ன அதே ஊர் என்று உறுதி சொல்கிறது. இரண்டு சொல், இரண்டு வரிசை, ஒன்றின் வேலையில் மற்றது தலையிடவில்லை. ஆங்கிலத்துக்குப் பெயர்ந்தபோது ‘ஒன்லி’ தன் ஊர்ப் பழக்கப்படி வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்கார்ந்துகொண்டது. எதிரில் இருப்பவரும் தென்காசிக்காரர் என்பதால் அதில் ஒரு குழப்பமும் நேரவில்லை.